லண்டன் பாஸ்போட்டும் எங்கள் நாலரை வீடும்

1

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு பேனை பிடித்ததெல்லாம் கடையில் வாங்கவேண்டிய சாமானை எழுதுவதற்குத்தான். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. ஒன்றைச் சொல்லத் தொடங்கி வேறொன்றில் போய் நிற்பேன். மாதம் முந்திப் பிந்தி வரலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுச் சீவியத்தைப் பற்றிப் கோயிலின் பங்கு மலருக்கு எழுதித் தாருங்கள் என்று ஊரிலிருந்து கேட்டுக் கனகாலம். வெட்கத்தில் எழுதாமல் இருந்தேன். நேற்று ஒரு தொலைபேசி வந்தது. அதற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பேசியவர் என் தங்கையின் புருசன் குலசிங்கம், பாரிசிலிருந்து. அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். எங்கள் ஆட்கள் யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி. அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த மனிதர் எங்கள் வீட்டில் ஆறு மாதம் இருந்ததைச் சொல்ல வேண்டும்.

2

நாங்கள் இருப்பது கனடாவில், மொன்ட்ரியால்-நோரில், ஒரு நாலரை வீட்டில். இங்கே வீட்டை அறைக் கணக்கில்தான் சொல்வார்கள். அந்த அரை என்பது குளிக்கிற அறை. மகள் டிலானி மருந்துக்கடையில் வேலை. மருமகன் லொறி ஓட்டுகிறார், அவருடைய முகம் சனி ஞாயிறில்தான் தெரியும். பேத்தி நிரோவும் நானும் ஒரே அறை. நான் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். எனக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் ஓமா இல்லையா என்று தெரியும். பெரும்பாலும் இல்லைதான்.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு இரண்டு சொல். போன்ஜூர், மெர்சி. மூலைக் கடைக்காரரிடம் முதலாவதைச் சொல்லிக்கொண்டு உள்ளே போய், பாலை எடுத்து, இரண்டாவதைச் சொல்லிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். நடுவில் சிரிப்பு. இத்தனை வருடமும் அப்படியே ஓடிவிட்டது.

வீட்டில் நாங்கள் ஐந்து பேர் பிறந்தோம். இப்போது மிச்சம் நானும் தங்கை றீற்றாவும். அவள் ஊரை விட்டுப் புறப்பட்ட அன்று பார்த்ததுதான், இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அவள் மொன்ட்ரியாலுக்கு வரலாம்தானே என்று கேட்பீர்கள். வரமாட்டாள். ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் அவளை எத்தனையோ பிளேன் மாற்றித்தான் பிரான்சுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். கடைசிப் பிளேன் காற்றில் குலுங்கியபோது, "தாயே, இதிலையிருந்து என்னை உயிரோடை இறக்கிவிடு, இனி ஒரு நாளும் ஏறமாட்டன்" என்று மடு மாதாவிடம் நேர்ந்துவிட்டாள். மாதா இறக்கிவிட்டா. இவளும் ஏறவில்லை. மற்றவர்கள் மெழுகுதிரி கொளுத்துகிறேன், நடந்து வருகிறேன் என்று நேர்வார்கள். இவள் தன் காலைத் தானே கட்டிவைத்துக்கொண்டாள்.

"ஒரு சாமியாரைக் கேள். நேர்த்தியை மாத்தித் தருவார்" என்று ஒரு தரம் சொன்னேன்.

"அவர் மாத்துவார் அக்கா. மாதா ஓமெண்டுவாவோ?" என்றாள்.

ஆகவே போவதென்றால் நான்தான் போக வேண்டும். என்னிடம் இருந்தது இலங்கைப் பாஸ்போட்டும், கனடாவில் நிரந்தரமாக இருக்கலாம் என்கிற அட்டையும், நாங்கள் காட் என்போம். அந்தக் காட்டோடு கனடாவுக்குள் திரும்பி வரலாம், ஆனால் பிரான்சுக்குள் போக விசா வேண்டும். இரண்டு தரம் கேட்டேன். இரண்டு தரமும் இல்லையென்று சொல்லிவிட்டார்கள்.

"நீங்கள் அங்கை போனால் திரும்பி வரமாட்டியளாம் அம்மா. அப்பிடி நினைக்கினம்" என்றாள் டிலானி.

மெட்றோவில் தனியாகப் பக்கத்து ஊர் லொங்குய்ய் வரைக்கும்கூடப் போய்வராதவள் நான். பாரிசில் ஒளிந்து சீவிக்கிற கெட்டித்தனம் எனக்கு இருக்கிறதென்று நம்பியவர்கள் உலகத்தில் அவர்கள் மட்டும்தான்.

மகளும் மருமகனும் முன்னமே சிற்றிசன், அதாவது கனடாக் குடியுரிமை, எடுத்துவிட்டார்கள். அவர்களுக்குப் பிரான்சுக்குப் போக விசா தேவையில்லை. நான் எடுக்கவில்லை. சோதனை இருக்கிறது, நீதிபதி முன்னால் இருத்திவைத்துக் கேள்வி கேட்பார் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் பரிசோதகர் வந்து என்னை எழுப்பி, இலங்கையில் நீளமான ஆறு எது என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும். வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது. எங்கள் ஊரில் ஆறே கிடையாது. கனடாவில் எத்தனை ஆறு இருக்கிறதோ யார் கண்டது. சிற்றிசன் வேண்டாமென்று இருந்துவிட்டேன்.

3

குலசிங்கம் வந்தது, பிரிட்டன் இன்னும் ஐரோப்பாவோடு சேர்ந்திருந்த காலத்தில், ஓர் ஒக்டோபரில், மரமெல்லாம் சிவந்து நின்ற நேரம். பிறப்பில் சைவம். றீற்றாவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்து யோசேப்பு என்று பெயரும் வைத்துக்கொண்டார், ஆனால் யோசேப்பு என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். லண்டனில் இருந்து பிரிட்டிஷ் பாஸ்போட் எடுத்து, கலியாணத்துக்குப் பிறகு றீற்றாவோடு பாரிசில் குடியேறினவர். றீற்றாவுக்குப் பிரான்சில் இருக்கப் பத்து வருடக் காட். அவருக்குக் காட்டே கிடையாது. அதுதான் அவருக்குப் பெருமை.

"மச்சாள், பிரிட்டிஷ்காரன் ஐரோப்பாவிலை விரும்பின நாட்டிலை இருக்கலாம். விசா இல்லை, காட் இல்லை. ஏன் இருக்கிறாய் எண்டு ஒருத்தரும் கேக்கேலாது" என்றார், சப்பாத்தைக் கழற்ற முன்னமே.

"இஞ்சை?" என்று, விருந்தாளி என்பதால் தமிழில் கேட்டாள் நிரோ.

"இஞ்சையும் விசா இல்லை. ஆறு மாதம் நிக்கலாம்."

"அப்ப தாத்தா, நீங்க எப்ப போவீங்க?"

எங்கள் ஆட்களில், வந்தவரைப் பார்த்து எப்போது போவீர்கள் என்று கேட்பதில்லை. புறப்படுகிறவர்கூடப் போறன் என்று சொல்லமாட்டார், போட்டு வாறன் என்றுதான் சொல்வார். பிள்ளை இங்கே பிறந்தவள், அவளுக்குத் தெரியாது. டிலானி அவளைக் கண்ணால் சுட்டாள். ஆனால் குலசிங்கம் கோபிக்கவில்லை. தேத்தண்ணியை ஆறுதலாக ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார்:

"சட்டம் எவ்வளவு நாள் விடுதோ, அவ்வளவு நாள் பிள்ளை."

என் கட்டிலை அவருக்குக் கொடுத்து, நிரோவைத் தாயின் அறைக்கு அனுப்பி, நான் முன்னறையில் இருந்த சோபாவுக்குப் போனேன்.

பாரிசில் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கிற மனிதர், பிரெஞ்சுக்கு எங்களுக்குப் பஞ்சமில்லை என்று நினைத்தோம். முதல் கிழமையே மூலைக் கடைக்கு முட்டை வாங்கப் போய் வெறுங்கையோடு வந்தார்.

"அவன் கதைக்கிறது பிரெஞ்சே இல்லை மச்சாள்."

"அவர் இஞ்சை பிறந்த மனிசன்" என்றேன்.

"அதுதான் பிழை. இது ஒரிஜினல் பிரெஞ்சில்லை. என்னோடை ஒத்துவராது."

பிறகு நான் போய்ப் போன்ஜூர் சொல்லி, முட்டையை எடுத்து, மெர்சி சொல்லிக்கொண்டு வந்தேன்.

பனி தொடங்கியது. எங்கள் வீட்டு வெளிப்படி வளைந்து வளைந்து இறங்குகிற இரும்புப் படி. அதில் உறைந்தால் கண்ணாடிதான். அதைச் சாட்டி அவர் வெளியே இறங்குவதையும் குறைத்துக்கொண்டார். காலையில் புட்டு, மத்தியானம் சோறு, பின்னேரம் தோசை. நடுவில் ஐரோப்பாவைப் பற்றிய விளக்கம். றீற்றா ஞாயிறு தோறும் தொலைபேசி எடுப்பாள்.

"அக்கா, அவர் சுகமோ?"

"சுகம்."

"சாப்பிடுறாரோ?"

"ஓமோம். சாப்பிடுறார்."

"அப்ப அவசரப்படுத்தாதை. கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து இப்பதான் நான் ஒரு நாடகத்தை ரீவியிலை இடையிலை மாத்தாமல் பாக்கிறன்."

4

ஒரு நாள் நூலகத்துக்குப் போய் ஒரு கட்டுக் கடதாசியோடு வந்தார் குலசிங்கம். படியேறி வந்த மூச்சு வாங்கலோடே சொன்னார்:

"மச்சாள், உங்களைப் பாரிசுக்குக் கொண்டுபோக வழி கண்டுபிடிச்சிட்டன்."

எனக்கு அந்த நேரமே பெட்டி அடுக்கவேண்டும் போல இருந்தது. பொய் சொல்லவில்லை.

ஐரோப்பாவில் ஒரு சட்டம் இருக்கிறதாம். பிரிட்டிஷ்காரர் ஒருவர் பிரான்சில் இருந்தால், மனிசி, பிள்ளை, தாய் தகப்பனை நேரே கூப்பிடலாம். மற்றச் சொந்தக்காரர் என்றால், அவர்கள் வருகிற நாட்டில் அவருடைய வீட்டு ஆளாக, அல்லது அவரில் தங்கியிருக்கிற ஆளாக இருந்திருக்க வேண்டும். அப்படியென்றால் உள்ளே விடுவதற்கு அந்த நாடு வசதி செய்து கொடுக்கவேண்டுமாம்.

"மனிசியின்ரை தமக்கை அதுக்குள்ளை அடங்குவாவோ சித்தப்பா?" என்று கேட்டாள் டிலானி.

"ஒரே வீட்டிலை இருந்தால் அடங்கும். இப்ப நாங்கள் ஒரே வீட்டிலைதானே இருக்கிறம்."

"ஓம். ஆனால் இது எங்கட வீடு."

"கடதாசியிலை ஆர்ரை வீடு எண்டதுதான் விசயம். குடும்பத்தலைவர் நான். மச்சாள் என்னிலை தங்கியிருக்கிறா. நான் பாக்காட்டி அவவுக்குச் சாப்பாடு இல்லை. அவ்வளவும் எழுதி அவவின்ரை ஒரு கையெழுத்து."

அந்த நேரம் நான் அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு தோசையைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னொண்டு" என்றார். தோசையைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "இன்னொண்டு சொல்லோணும். ஒரு மாதம் ரெண்டு மாதம் ஒண்டா இருந்தால் நம்பமாட்டாங்கள். ஆறு மாதமும் இருந்து காட்டோணும். உங்களுக்காகத்தான் மச்சாள் நான் இஞ்சை நிக்கிறன்."

அன்றிலிருந்து வீட்டுக்குக் குடும்பத்தலைவர் வந்துவிட்டார். மருமகன் சனிக்கிழமை வந்தால் இருக்கிற கதிரையில் இவர் இருந்தார். கறண்ட் பில்லைத் தன் பெயருக்கு மாற்றச் சொன்னார், அத்தாட்சிக்காம். கட்டுவது டிலானிதான். நான் கோயிலுக்கு வெளிக்கிட்டால், "எங்கை மச்சாள், எத்தனை மணிக்கு வருவியள்?" என்று கேட்பார். எழுதிவைத்ததை அவரே நம்பத் தொடங்கிவிட்டார். ஒரு நாள் கறிக்கு உப்புக் கூட என்று சொல்லிவிட்டு, "என்ரை வீட்டிலை உப்புக் குறைச்சுத்தான்" என்றார். நிரோ அவருக்குப் பொஸ், அதாவது முதலாளி, என்று பெயர் வைத்தாள். அவர் அதையும் மரியாதையாகவே எடுத்துக்கொண்டார்.

குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற என்னை டிலானி பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இது பொய்க் கடதாசி. பிடிபட்டால் உங்கட காட்டும் போயிடும். பேந்து பாரிசும் இல்லை, மொன்ட்ரியாலும் இல்லை. கையெழுத்து வைக்காதேங்கோ."

"வைக்கமாட்டன் எண்டு அவரிட்டை நீ சொல்லு."

"நீங்கள்தான் சொல்லோணும். உங்கட தங்கச்சி."

அதுதான் எனக்குப் பெரிய கரைச்சல். எனக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே அந்தச் சொல் எனக்குத் தொண்டைக்கு மேலே ஏறியதில்லை. உண்மையைச் சொன்னால் ஆசையும் இருந்தது. ஒரு கையெழுத்துத்தானே. றீற்றாவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டதாம். நரைத்த றீற்றாவை நான் கண்டதில்லை. என் கண்ணுக்குள் அவள் இன்னும் இரட்டைப் பின்னலோடுதான் நிற்கிறாள். இரண்டு பேரில் ஒருவர் போய்விட்டால் பிறகு யாரும் யாரையும் பார்க்கப் போவதில்லை. கடதாசியை மேசையில் காணும் போதெல்லாம் கை அரித்தது.

5

அந்த ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து, கோயில் நிலவறையில் தேத்தண்ணியும் ரோல்சும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மன்னாரைச் சேர்ந்த பிலோமினா, என்னைவிட இரண்டு வயது கூட, ரோல்சைக் கடித்துக்கொண்டே தன் கைப்பையைத் திறந்து புதுப் பாஸ்போட்டைக் காட்டினா.

"நீங்கள் சோதனை பாஸ் பண்ணினீங்களோ?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்து அவ மூன்றாம் வகுப்பு.

"என்ன சோதனை? எங்கட வயசுக்குச் சோதனை இல்லை. ஒண்டும் கேக்கேல்லை. கையைத் தூக்கச் சொன்னவை, தூக்கினன்."

"ஆறு?"

"என்ன ஆறு?"

இத்தனை வருடமும் இல்லாத ஓர் ஆற்றுக்குப் பயந்து கரையில் நின்றிருக்கிறேன். வயது போனவர்களுக்குச் சோதனை இல்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் யாரையும் கேட்கவுமில்லை.

வீட்டுக்கு வந்ததும் குலசிங்கம் கடதாசியை நீட்டினார். மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"மச்சான், இண்டைக்குத் திருவருகைக் காலம் தொடங்குது. நத்தார் முடியுமட்டும் நாங்கள் ஒண்டிலும் கையெழுத்து வைக்கிறேல்லை."

எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியாது. திருவருகைக் காலம் என்பது கிறிஸ்மசுக்கு முந்தின நாலு கிழமை, ஆனால் அப்படி ஒரு வழக்கம் எந்தப் பங்கிலும் கிடையாது. கைகழுவுகிற இடத்தில் நின்ற டிலானி திரும்பிப் பார்க்காமல் தண்ணீரை இன்னும் சத்தமாகத் திறந்துவிட்டாள்.

குலசிங்கம் ஒரு கணம் யோசித்தார். ஞானஸ்நானம் எடுத்த மனிதர், தெரியாது என்று சொல்வாரா?

"ஓமோம். அது எனக்குத் தெரியும்தானே" என்றார்.

நத்தார் முடிந்தது. மூன்று ராசாக்கள் திருநாள் வரைக்கும் பொறுக்கச் சொன்னேன். பிறகு மாதா காணிக்கைத் திருநாள். பிறகு எனக்குக் கண்ணாடி காணாமல் போய், இரண்டு கிழமைக்குப் பிறகு அரிசிப் பேணிக்குள் இருந்து வந்தது. அதற்குள் விபூதிப் புதன்.

"தவக்காலம் மச்சான்."

"நானே சொல்ல இருந்தனான்" என்றார். "எத்தனை நாள்?"

"பாஸ்கா முடியுமட்டும்."

இது பாவமோ என்று சாமியாரிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.

இதில் மெத்தச் சிரிப்பு என்னவென்றால், ஒரு ஞாயிறு கோயிலில் பூசை நேரத்தை மாற்றச் சொல்லி எல்லோரும் ஒரு மனுவில் கையெழுத்து வைத்துக்கொண்டு வந்தார்கள். குலசிங்கத்திடம் பேனையை நீட்ட, அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தவக்காலத்திலையோ? நீங்கள் எல்லாம் பிறவிக் கத்தோலிக்கர். நான் சொல்லித்தரோணுமோ?"

நாலைந்து பேர் வைத்த கையெழுத்தைப் பார்த்து யோசித்தார்கள். பிலோமினா இருமிக்கொண்டு வெளியே போனா.

ஆனால் நான் அந்தத் திருவருகைக் காலத்தில் ஒரு கையெழுத்து வைத்தேன். குலசிங்கம் மத்தியான நித்திரையில் இருந்த நேரம், டிலானி நிரப்பிக் கொடுத்த சிற்றிசன் கடதாசியில். அதில் இருந்தது எல்லாம் உண்மை.

அந்த வருடம் பாஸ்கா, அதுதான் ஈஸ்டர், பிந்தி வந்தது, அவருடைய ஆறு மாதம் முந்தி முடிந்தது. நீடிக்கக் கேட்கலாமாமே என்று யாரோ சொன்னதற்கு, "பிரிட்டிஷ்காரன் சட்டத்துக்கு மேலை ஒரு நாளும் நிக்கமாட்டான்" என்றார். நான் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். விமான நிலையத்தில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"பாஸ்கா முடியக் கையெழுத்து வைச்சுத் தபாலிலை அனுப்புங்கோ மச்சாள். போட்டு வாறன்."

நல்ல மனிதர்தான். போகிறவரைக்கும் ஒரு நாளாவது ஒரு கோப்பை கழுவவில்லை, அவ்வளவுதான். நான் கட்டிலுக்குத் திரும்பினேன். கறண்ட் பில் மட்டும் கனகாலம் குலசிங்கம் என்றே வந்துகொண்டிருந்தது.

சிற்றிசனுக்குக் கூப்பிட இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. பெரிய மண்டபம், பல நிறத்து மனிதர்கள், எல்லோரும் கல்யாணத்துக்கு வந்ததுபோல உடுப்பு. கையைத் தூக்கச் சொன்னார்கள். பிரெஞ்சிலும் இங்கிலிசிலும் சொல்லச் சொல்ல நான் வாயை மட்டும் அசைத்தேன். நடுவில் எனக்குத் தெரிந்த ஒரு சொல் வந்தது, இராணி. அதைச் சத்தமாகச் சொன்னேன். குலசிங்கத்தின் இராணிதான் எனக்கும் இராணி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சென்லோறன்ஸ் என்று ஆற்றின் பெயரைப் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன், ஒருவேளை கேட்டால் என்று. நீதிபதி கை தந்தார், சிரித்தார், கேட்கவில்லை. இந்த முறை சொல்லியிருப்பேன்.

6

நேற்றைய தொலைபேசிக்கு வருகிறேன். டிக்கெட் போட்டாகிவிட்டது. அடுத்த மாதம் போகிறேன். றீற்றாவுக்குச் சொன்னேன். முதலில் அழுதாள். பிறகு பனங்கிழங்கு ஒடியல் மா கொண்டு வரச் சொன்னாள். பிறகு பிளேனுக்குள் என்ன குலுங்கினாலும் மாதாவிடம் எதையும் நேர்ந்துவிடாதே, வாயை இறுக்க மூடிக்கொண்டு வா என்றாள். அவர்கள் வீட்டில் படுக்கையறை ஒன்றுதானாம். நானும் அவளும் கட்டிலில் படுப்பதாம், குலசிங்கம் சோபாவிலாம். இதைச் சொல்லும்போது அவள் குரலில் அழுகை ஒன்றும் இருக்கவில்லை.

அதற்குள் குலசிங்கம் தொலைபேசியை வாங்கினார்.

"மச்சாள், என்ன விசா தந்தவை?"

"விசா இல்லை மச்சான்."

"விசா இல்லாமல் எப்பிடி வருவியள்? நான் எழுதின கடதாசியை அனுப்பினீங்களோ?"

"இல்லை. கனடாப் பாஸ்போட்."

பின்னால் றீற்றாவின் நாடகத்தில் யாரோ அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நல்லது, நல்லது" என்றார். பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, கேட்டுவிட்டார்: "அது சரி... எப்ப திரும்பிப் போவியள்?"

நான் இன்னும் பெட்டியே அடுக்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்த நிரோ அதை மூடிவிட்டு என்னையே பார்த்தாள். கேள்வி அவளுக்கும் கேட்டிருந்தது. அவள் கேட்டு அடி வாங்காத குறையாக நின்ற அதே கேள்வி.

"சட்டம் எவ்வளவு நாள் விடுதோ, அவ்வளவு நாள் மச்சான்" என்றேன்.

நிரோ சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து இறங்கி நிலத்தில் இருந்துவிட்டாள். "அம்மம்மா, பொஸ் இப்ப நீங்கள்" என்றாள். என்னிடம் தமிழில்தான் சொன்னாள்.

நான் எழுதியது இவ்வளவுதான். சட்டத்தைப் பற்றி இதில் இருப்பதெல்லாம் காதில் விழுந்தது, என் தலையில் அது நிற்பதில்லை. மலரில் போட முன் விசயம் தெரிந்த யாராவது ஒருவர் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். முக்கியமாக ஒன்று: கனடாப் பாஸ்போட்டோடு பிரான்சில் எவ்வளவு காலம் நிற்கலாம்? டிலானி மூன்று மாதம் என்கிறாள். பிலோமினா, எங்கேயும் ஆறு மாதம்தான் என்று அடித்துச் சொல்கிறா. மூன்றுதான் சரியென்றால் எனக்கு மட்டும் எழுதி அனுப்புங்கள். பாரிசுக்கும் மலர் போகிறதென்று அறிந்தேன். அங்கே போகிற பிரதியில் ஆறு என்றே இருக்கட்டும்.